பீலிக்கரைச் சிவப்புக் கல்

பதுளையில் கல் சேகரிக்கிறவர்கள் கூடும் வட்டத்தைத் தொடங்கியவர்களில் யசோதினியும் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். மாதக் கூட்டத்துக்கு மண்டபம் பிடிப்பது, மண்சரிவுச் செய்திகளை விளக்கிப் பேசுவது, கற்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது எல்லாம் அவள் தலையில்தான். பண்டாரவளையில் மருந்துக்கடை வைத்திருந்த காமிலா சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லோருக்கும் வேண்டியவளாகிவிட்டாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். தீபாவளிக்கு யசோதினியேதான் அவளைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டாள். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரில் கை கழுவப் போன காமிலா, அங்கே உடைந்து கிடந்த ஒரு வெள்ளைக் கல்லோடு திரும்பி வந்தாள். கல் முழுக்க மாதுளை முத்துப் போலச் சிவப்பு மணிகள்.

"இத எடுத்துக்கவா டீச்சர்?"

"கல்லுதானே, கொண்டு போங்க."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து குளித்த இடம், துணி துவைத்த இடம். ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

அன்று சாயந்தரமே படம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. "நம்ம வட்டத்துக் கண்காட்சியில இதப்பத்தி காமிலா பேசட்டும், பல்கலைக்கழகத்திலேருந்து பேராசிரியர் வாறார்" என்று எழுதினார் தலைவர் ஷுக்ரி. இத்தனை வருஷத்தில் வெளியாள் முன்னால் பேச யசோதினியை ஒருவரும் கேட்டதில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனபோது அதே கல்லில் இன்னொரு துண்டை எடுத்து, எலுமிச்சங்காய் பிழிந்து பார்த்தாள். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. குவார்ட்ஸ் நுரைக்காது; அப்படியானால் அது சுண்ணாம்புச் சத்துள்ள பளிங்குக்கல். காமிலாவோ 'குவார்ட்ஸில் கார்னெட்' என்று பெயர்ச்சீட்டு எழுதி வைத்திருந்தாள். ஒரு போன் போட்டால் திருத்திவிடலாம். யசோதினி போடவில்லை. பேராசிரியரே நாலு பேர் முன்னால் சொல்லட்டும் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் இனித்தது.

கண்காட்சியில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். காமிலா பேசி முடித்ததும் பேராசிரியர் கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டார். பொங்கியது. யசோதினி கல்லைப் பார்க்கவில்லை. காமிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது குவார்ட்ஸ் இல்ல, பளிங்கு" என்றார் பேராசிரியர். "அப்ப இந்தச் சிவப்பும் ஸ்பினல்ங்கிற அபூர்வ ரத்தினமா இருக்கலாம். ஆய்வுகூடத்தில பாத்துத்தான் சொல்லணும். ஆனா வெறும் கார்னெட்டா இருந்தா நான் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்."

"அப்ப நான் தப்பா எழுதினதும் நல்லதாப் போச்சு சேர்" என்று காமிலா சிரித்தாள். மண்டபமே சேர்ந்து சிரித்துக் கைதட்டியது. யசோதினியும் தட்டினாள்.

"இடத்தப் பாக்கலாமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"யசோ டீச்சரோட ஊரு சேர். அவங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். அம்மா ரெங்கம்மா தேத்தண்ணியை முதலில் காமிலாவிடம்தான் நீட்டினாள். "இந்தப் புள்ளதானா கல்லக் கண்டுபிடிச்சது?"

பீலியடியில் யசோதினிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "வெள்ளைக் கல்லு நுரைக்கிறத நான் முன்னாடியே பாத்தேன் சேர்."

"அப்படியா, நல்லது" என்றவர் பாறை பக்கம் குனிந்துவிட்டார்.

காமிலாதான் திரும்பினாள். "எப்பப் பாத்தீங்க?"

"போன மாசம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்தே பேசியிருக்கலாமே டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் யசோதினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குள் பேராசிரியர் "காமிலா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட, அவள் போய்விட்டாள்.

குடத்தோடு வந்த ஒரு பெண் பின்னால் நின்றிருந்தாள். "கொஞ்சம் நகந்துக்கங்க டீச்சரம்மா, தண்ணி புடிக்கணும்."

யசோதினி நகர்ந்து வழிவிட்டாள்.