சுசித்ராவின் இரண்டாவது ராக்கெட்

சுசித்ரா செய்த ராக்கெட்டுகள் இரண்டு. முதலாவது சித்திரை வெயிலில், கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் இருக்கும் பொட்டலிலிருந்து கிளம்பித் திருத்தணி மலையையும் தாண்டிய உயரத்துக்குப் போனது. அவள் அப்பா பரசுராமன் அதைப் பார்க்க வரவில்லை. பவர்லூமை நிறுத்த மனம் வரவில்லை. "நைனாவுக்கு தறிதான் மூத்த பொண்ணு" என்று சுசித்ரா சிரித்துவிட்டுப் போனாள். ஐப்பசியில் டெங்கு அவளைக் கொண்டுபோயிற்று.

மார்கழியில் பரசுராமன், மிச்சமிருந்த ராக்கெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு அதே பொட்டலுக்கு வந்தார். மகளின் கல்லூரித் தோழி சுபியா ராக்கெட்டை நிறுத்தி ஏவும் கம்பியை நட்டு, பற்றவைக்கும் வயரை இழுத்து வைத்திருந்தாள். ராக்கெட்டைத் தொட்டதும் அவள் முகம் வாடியது.

"ஜில்லுன்னு இருக்கே அங்கிள், எங்க வெச்சிருந்தீங்க?"

"மாடியில, ஷீட்டுக்கு கீழ. ஏம்மா?"

"குளிர்ல மருந்து மெதுவா எரியும். தள்ளுற வேகம் பத்தாது. மலை உசரம் போகாது, பாதியில விழுந்துடும். அன்னிக்கு நல்ல வெயில்."

"இது ஒண்ணுதான கீது."

"ஆங்."

வானம் மூடிக் கிடந்தது. சாயங்காலம் சுபியா வேலைக்காக ஓசூருக்குக் கிளம்புகிறாள்.

"நெருப்புல கொஞ்சம் காட்டினா?"

"ஐயோ! ராக்கெட் இல்லாமயே நாம ரெண்டு பேரும் மலைக்கு மேல போயிடுவோம்."

பல நாள் கழித்து அவர் சிரித்தார்.

"மேல மட்டும் சுட்டா பத்தாது அங்கிள். உள்ள நடு வரைக்கும் சூடு மெதுவா ஏறணும்."

பரசுராமன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். ராக்கெட்டை மார்போடு அணைத்து, துண்டால் போர்த்தி, ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஆடு ஓட்டிவந்த பெண் நின்று அதட்டினாள்.

"இந்தக் குளிர்ல பச்சக் கொழந்தைய ஏன்யா தூக்கினு வந்த? தலைய மூடு."

அவர் மறுக்கவில்லை. துண்டை இன்னும் மேலே இழுத்துவிட்டார்.

உச்சிப்பொழுதில் மேகம் சற்று விலகி மலை தெரிந்தது. சுபியா துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஏறிடுச்சு அங்கிள். இப்ப போகும், குடுங்க."

அவர் கொடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில அவ கைய இப்டிதான் புடிச்சுகினு இருந்தேம்மா. எவ்ளோ நேரம் புடிச்சும் சூடு வரல."

சுபியாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு போய்க் கம்பியைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவட்டும்மா" என்றார் பரசுராமன்.

"ஆவட்டும் அங்கிள்" என்றாள், திரும்பாமல்.