வட்டப் புருவக்காரன்

உயிரியல் பூங்காவில் அணில் குரங்குகளைப் பராமரிக்கும் அந்த அம்மாளுக்கு யாரையும் சமாளிக்கத் தெரியும், நாத்தனார் ஒருத்தியைத் தவிர. அந்த நாத்தனார்தான் அதே பூங்காவில் விலங்குகளை இனம் பிரித்துச் சொல்லும் ஆய்வாளர். இந்த அம்மாளின் கல்யாணத்தன்றே, இனம் பார்ப்பதுபோல் மணப்பெண்ணின் காது மடலை உற்றுப் பார்த்த மகராசி.

குண்டன் என்கிற ஆண் குரங்கு இத்தனை காலமும் ஒண்டிக்கட்டை. இப்போதுதான் வேறொரு பூங்காவிலிருந்து அவனுக்கு ஜோடி வந்திருந்தது. வந்த வேகத்தில் இரண்டும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்துவிட்டன. பராமரிப்புக்காரிக்குப் பெற்ற பிள்ளைக்கு வரன் அமைந்த பூரிப்பு.

அதில் மண்ணைப் போட்டாள் நாத்தனார்.

"இது சேராதும்மா. கண்ணுக்கு மேல வெள்ளை வளைவு பாரு. பொண்ணுக்குக் கூரா ஏறி நிக்குது, இவனுக்கு வட்டமா இருக்கு. அணில் குரங்குலயே வேற வேற இனம். கலக்கக் கூடாது. சாயந்திரம் வண்டி வரும், பொண்ணைத் திருப்பி அனுப்பிடு."

"வெறும் புருவத்துக்காகவா அண்ணி?"

"மத்ததெல்லாம் ஒத்துப்போகுது. புருவம்தான் இடிக்குது."

ஏன் இடிக்கிறது என்று பராமரிப்புக்காரிக்குத் தெரியும். பூங்கா விதிப்படி தீனியைத் தட்டில்தான் வைக்க வேண்டும். இவளோ கதவுத் துவாரம் வழியாகக் கையால் திராட்சை ஊட்டிக்கொண்டிருந்தாள். குண்டன் அதில் தலையை விட்டு விட்டு எடுத்ததில் வெள்ளை முடி உரசித் தேய்ந்து கூர் மழுங்கிவிட்டது. சொன்னால் ஜோடி பிழைக்கும். ஆனால் நாத்தனார் வாயில் விழுந்த சேதி சொந்தபந்தம் முழுக்கச் சுற்றாமல் அடங்காது.

தரையைக் கழுவினாள். கழுவிய இடத்தையே மறுபடி கழுவினாள். பெண்ணைக் கூண்டுப் பெட்டிக்குள் விட்டதும் குண்டன் கீச்சிட்டபடி பெட்டியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.

"அண்ணி, அது பொறந்த புருவம் இல்ல. நான் தேய வச்சது." மிச்சத்தையும் கொட்டிவிட்டாள்.

"கையால ஊட்டினியா? என் தம்பிக்கு ஒரு நாள் ஊட்டியிருப்பியா நீ?"

"உங்க தம்பி ஓட்டைல தலையை விட்டதில்லையே."

நாத்தனார் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். உடைந்த முடிகளின் முனை தெரிந்தது. சிரிப்பை அடக்கியதில் மூக்கு விடைத்தது.

"வண்டியைப் போகச் சொல்லு. முடி வளரட்டும், பார்ப்போம். அதுவரைக்கும் நடுவுல வலை போடு."

முடி வளர்ந்தது, கூராகவே. வலையை எடுத்தார்கள். அதற்குள் கதை ஓரகத்தி வரை போய், அவள் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லா சிரிங்கக்கா," என்றாள் இவள். "என் மருமக எங்கேயும் போகலை, அது போதும்."