கம்பளி நூல் பறந்த திசை

"புகை எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடி ராஸ். அதுவரைக்கும் என் பிள்ளை அந்த வண்டியில ஏற மாட்டா."

அவன் மனைவி க்ளெண்டா அதைச் சொல்லி இரண்டு நாளாகிவிட்டது. ஆட்டுப்பண்ணையிலிருந்து நகரத்துக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் மண் சாலை. வண்டியின் பின்பக்க மெத்தையில் தூங்கிக்கொண்டு வந்த மூன்று வயது ட்ரேசி, ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பியும் எழவில்லை. வண்டிப் புகையின் விஷம் என்றார் டாக்டர். இன்று மதியம் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

க்ளெண்டாவின் அண்ணன் மர்ரே, வண்டியின் புகைக்குழாய் வாயில் ஈரத்துணியை அடைத்து, இணைப்புகள் மீதெல்லாம் சோப்பு நீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழி கூட இல்லை.

"உன்னைவிட உன் குழாய் திடமா இருக்கு மச்சான்," என்றான்.

ராஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சின் ஓட, அரைமணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தான். தலைகூட வலிக்கவில்லை. நிற்கும்போது வராத புகை ஓடும்போது வருகிறதோ?

கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, கதவு இடுக்கு, தரை ஓரம், பின்கண்ணாடி விளிம்பு என்று எங்கும் ஒட்டினான். எப்போதும் போலவே வண்டியை ஓட்டினான். புழுதிக்காக முன்கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. கூடவே வரும் பண்ணை நாய் தலையை வெளியே நீட்டிக்கொள்ளப் பின்கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தது. மர்ரே மெத்தையில் படுத்துக்கொண்டான்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்கள்.

"நிறுத்து மச்சான்! பின்கண்ணாடி நூலெல்லாம் உள்பக்கமா பறக்குது. குழாய் வெளியே விடுற புகையை வண்டியே திரும்ப உள்ள இழுக்குது."

நாய்க்கு வெளிக்காற்று. அதன் காலடியில் கிடந்த குழந்தைக்குப் புகை. ராஸ் இறங்கிப் பின்னால் போய், பின்கண்ணாடியை ஏற்றினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தோளில் ட்ரேசியோடு க்ளெண்டா ராஸ் சொன்னதை முழுதும் கேட்டாள்.

"வண்டியில ஓட்டை எதுவும் இல்ல க்ளெண்டா. பின்கண்ணாடியை மூடிட்டா போதும்."

"ஒரு மாசமா தலைவலின்னு சொன்னேன். மூடுன்னும் சொன்னேன். நீ என்ன சொன்னே?"

அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "எங்கம்மா வீட்டுக்குப் போறப்ப மட்டும் உனக்குத் தலை வலிக்கும். அதுக்காக நாய் வேகணுமா?"

"தப்புதான்," என்றான்.

"இனிமே மூடிடுவே. அது தெரியும். வண்டியைப் பத்தி எனக்கு இப்ப பயம் இல்ல." குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு அடுத்த தடவை ஏதாவது வலிச்சா, அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அண்ணன் வீட்டுக்குப் போக, மூன்று மணி பஸ்ஸுக்கு அவனையே சீட்டு வாங்கச் சொன்னாள். ராஸ் பையைத் தூக்க வந்தபோது தடுக்கவில்லை. பஸ் படிவரை தூக்க விட்டாள். அங்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.