வாத்தியார் காதுக்கு மட்டும்

கும்மி நல்லா சூடு புடிச்ச நேரம் பார்த்துத்தான் ஷேக் பரீத் பாய் ஓடி வந்தாருங்க. அந்த மனுசன் ஓடி யாருமே பார்த்ததில்ல. போத்தனூர்ல லைட் கடை வெச்சிருக்கிறவரு, தொப்பையைத் தூக்கிக்கிட்டு நடக்கறதுக்கே அலுத்துக்குவாரு. அப்பேர்ப்பட்டவரு, மைக்செட் பாத்துக்கிட்டிருந்த அருண்குமாரோட மிக்சர் மேசைல வந்து முட்டி நின்னாரு.

"தம்பி, கெழக்கால லைட் டவர் சாயுது. பக்கத்து மஞ்சக்காட்டுக்குப் பாய்ச்சின தண்ணி இந்தப் பக்கம் எறங்கி மண்ணு ஊறிப்போச்சு. இழுகம்பி கட்டின முளை ஒண்ணு புடுங்கிக்கிச்சு, இன்னொண்ணு ஆடுது. பசங்க கயித்தைப் புடிச்சுத் தொங்கறானுக. எவ்வளவு நேரம் தாங்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

அருண்குமார் நிமிர்ந்து பார்த்தான். கொடுமுடிக்குப் பக்கத்து மைதானம் அது. பொழுது மசங்கிட்டு வருது. பச்சைச் சேலையும் கால்ல சலங்கையுமா ஐந்நூறு பொம்பளைங்களுக்குக் குறையாம வரிசை கட்டி வள்ளி கும்மி ஆடறாங்க. சுத்தியும் கம்பி வேலி. ஒரே ஒரு கேட்டு, அதுவும் அந்த டவருக்குக் கீழேயே. எந்தப் புண்ணியவான் அங்க கொண்டுபோய் வெச்சானோ! கெழக்குக் கடைசி வரிசையில, டவருக்கு அடியிலேயே, அவன் சம்சாரம் பிரவீனா குனிஞ்சு நிமிர்ந்து கை தட்டிட்டு இருந்தா.

"மைக்ல சொல்லீரு தம்பி. எல்லாரையும் வெளிய போகச் சொல்லு."

"வெளியன்னா எதுங்க பாய்? அந்தக் கேட்டுத்தானுங்களே! டவர்னு ஒரு வார்த்தை காதுல உழுந்தா அத்தனை பேரும் அதுக்கு அடியிலதான் போய் முண்டுவாங்க."

பாய் வாயைப் பொத்திக்கிட்டாரு. அருண்குமாருக்குப் பயம்னா பயம், அப்படியொரு பயம்.

ஒரே வழிதான் இருந்துச்சு. மைதானத்து நடுவுல நின்னு பாடற வாத்தியார் பொங்கியண்ணன். கும்மிக்காரிக அவர் குரலுக்குத்தான் ஆடுவாங்க. முன்னால வான்னா வருவாங்க, திரும்புன்னா திரும்புவாங்க, ஏன் எதுக்குன்னு ஒருத்தி கேக்கமாட்டா. அவர் கன்னத்தோரம் ஒரு மைக்கு. ஸ்பீக்கர் எல்லாம் தூரத்துல இருக்கறதால மேளச் சத்தம் அவருக்குத் தாமதமா வந்து தாளம் தப்புதுன்னு, அருண்குமார்தான் காதுக்குள்ள வெக்கிற கருவி ஒண்ணு குடுத்திருந்தான். அதுக்கு மிக்சர்ல தனி வழி. அவன் மேசையில ஒரு குட்டி மைக்கு இருக்கு, பக்கத்துல ஒரு பட்டன். பட்டனை அமுக்கிட்டுப் பேசுனா, திரையில எந்த வழிக்கு டிக் போட்டிருக்கோ அந்த வழியில போகும். வாத்தியார் காதுக்கு மட்டும் போகணுங்கறதுதான் ஏற்பாடு.

ஆனா மத்தியானம் கமிட்டிக்காரங்க மைக்குல பேட்டரி தீந்து போயி, காரை எடுக்கச் சொல்லு, செருப்பை ஒதுக்கச் சொல்லுன்னு உசுரை வாங்கினாங்க. இவனும் சோம்பேறித்தனமா, பேட்டரி மாத்தறதுக்குப் பதிலா, தன்னோட குட்டி மைக்கையே பெரிய ஸ்பீக்கருக்கும் தெறந்து விட்டுட்டான். அப்பறமா எடுத்தர்லாம்னு நெனச்சான். எடுத்தானா? அவனுக்கே தெரியல!

திரையைத் தொட்டுப் பார்த்தான். பெரிய ஸ்பீக்கர் டிக் அப்படியே இருந்துச்சு.

"ஐயோ முருகா," ன்னான். யோசிக்காம அமுக்கிப் பேசியிருந்தா, சோலி முடிஞ்சிருக்கும். டிக்கை எடுத்தான். எடுத்தது நெசந்தானான்னு மறுபடி பார்த்தான். ஹெட்போனைப் பெரிய ஸ்பீக்கர் வழிக்கு மாத்தி, பட்டனை அமுக்கி, குட்டி மைக்கை நகத்தால ஒரு சுண்டு சுண்டினான். டொக்குனு ஒண்ணும் கேக்கல. சரி.

அப்பத்தான் இன்னொண்ணு ஒறைச்சுது. வாத்தியார் கேட்டதும் பதறிக் கத்துனார்னா? அவர் கன்னத்து மைக்கு ஊருக்கே கேக்குமே! அவர் குரலைக் கொஞ்ச நேரம் அடக்கணும். ஆனா பாடிட்டு இருக்கையில அடக்கினா ஆட்டமே நின்னுரும். பாட்டு நின்னு ஜமாப் மேளம் மட்டும் முழங்கற எடம் ஒண்ணு வரும். அதுவரைக்கும் காத்திருக்கணும்.

"நீ போய் உன் சம்சாரத்தையாச்சும் இழுத்துட்டு வந்துரு கண்ணு. இங்க நான் நிக்கறேன்," னு பாய் சொன்னாரு.

போகோணும்னு காலு துடிச்சுது. ஆனா இந்தப் பொட்டியில எது எங்க போகுதுன்னு பாய்க்கு என்ன தெரியும்? அவன் எந்திரிக்கல. அதுக்காக அவனையே அவன் சபிச்சுக்கிட்டான்.

பாட்டு நின்னு மேளம் எழுந்துச்சு. வாத்தியார் குரலை முழுசாக் கீழ எறக்கினான். ஹெட்போனை அவர் மைக்கு வழிக்கு மாத்தினதும் அவர் மூச்சு மட்டும் அவனுக்குத் தனியாக் கேட்டுது. பட்டனை அமுக்கினான்.

"வாத்தியாரே, அருண் பேசறேனுங்க. நின்னுராதீங்க, ஆடிக்கிட்டே கேளுங்க. கெழக்கால டவர் சாயுது. யாருக்கும் தெரிய வேண்டாம். அத்தனை பேரையும் மேக்கால கூட்டிட்டுப் போயிருங்க."

"என்னது? டவரா? ஐயையோ, எம் புள்ளைகளா!" ஹெட்போன்ல அந்த அலறல் காதைக் கிழிச்சுது. மைதானத்துல அது யாருக்கும் கேக்கல. கும்மிக்காரிக சிரிச்சுக்கிட்டு ஆடிட்டு இருந்தாங்க.

"கெஞ்சிக் கேக்கறேனுங்க, பாடுங்க. நீங்க பாடுனாத்தான் உண்டு."

வாத்தியார் எச்சில் முழுங்கற சத்தம் கேட்டுது. இனி அவர் பாடுவாரா கத்துவாரா? அருண்குமார் கண்ணை மூடிக்கிட்டு அவர் குரலை மேல ஏத்தினான்.

"மேக்கால போகலாம் வாங்கம்மணி, கை மெதுவாத் தட்டியே வாங்கம்மணி..."

வந்துச்சு பாட்டு! தாளம் பெசகல. வரிசை வரிசையா பச்சைச் சேலைக மேக்கால நகர ஆரம்பிச்சுது. பாய் ரெண்டு கையையும் ஏந்தி முணுமுணுத்தாரு.

கெழக்குக் கடைசி வரிசையும் நகர்ந்துச்சு. பிரவீனா நகரல. சலங்கை அவுந்து போச்சுன்னு குத்த வெச்சுக் கட்டிட்டு இருந்தா. டவருக்கு நேர் கீழ, தன்னந்தனியா.

"பிரவீனா. எந்திரி பிரவீனா. பிரவீனா, பிரவீனா..." அருண்குமார் அழுதுட்டான். ஒரு டிக் போட்டா அவளுக்குக் கேக்கும். அத்தனை பேருக்கும் கேக்கும். இடது கை திரைகிட்டப் போச்சு, திரும்புச்சு, மறுபடி போச்சு.

"சலங்கை கட்டின பிரவீனா," ன்னு வாத்தியார் பாட்டுல திடீர்னு ஒரு அடி வந்துச்சு, "சட்டுனு மேக்கால வா கண்ணு!"

கும்மிக்காரிக எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. பிரவீனா வெக்கப்பட்டு, சலங்கையைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடினா. அவ கடைசி வரிசையோட சேர்றதுக்கும் பசங்க கயித்தை உட்டுட்டுச் செதர்றதுக்கும் சரியா இருந்துச்சு. டவர் கேட்டு மேலேயே உழுந்துச்சு. அப்பறந்தான் அலறல், அழுகை எல்லாம். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்ல.

பிரவீனா நேரா மிக்சர்கிட்ட வந்தா. மூச்சு வாங்குது, கண்ணு செவந்திருக்கு. "ஏனுங்க, உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே? பாய் வழியில பார்த்துச் சொன்னாரு. பார்த்துட்டேதான் உக்காந்திருந்தீங்களா? என்னைய ஒரு வார்த்தை கூப்பிடத் தோணலீங்களா?"

அவன் இடது கையால ஹெட்போனைக் கழுத்துக்கு எறக்கினான்.

பின்னாலேயே வாத்தியார் வந்து சேர்ந்தாரு. காதுல மாட்டினதைக் கூட இன்னும் கழட்டல. "கூப்பிடலையா? ஏன் அம்மணி, பிரவீனா பிரவீனான்னு எங்காதுக்குள்ள அவன் அழுத அழுகையில எனக்குப் பாட்டே மறந்து போச்சு. இத்தனை பேர்த்துல உம்பேரு எனக்கெங்க தெரியும்?"

அருண்குமார் கீழ பார்த்தான். வலது கை வெரலு பட்டன் மேலேயே வெறைச்சுப் போய் இருந்துச்சு. பிரவீனா அந்த வெரலை மெதுவாப் புடிச்சு எடுத்து விட்டா.