இரண்டு கதவு, ஒரே பாட்டு

வாடகைக் கார் ஓட்டுகிறவரும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் சில சமயம் சத்தம் வராது. உதடு அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், கை ஆடும், பேச்சு மட்டும் இருக்காது. பதினொரு வருஷமாக இப்படித்தான். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திக் காது கொடுத்து, கரண்ட் போனதைச் சொல்கிற மாதிரி "கார்க்காரர் வீட்ல சத்தம் போச்சு" என்பார். கொஞ்ச நேரத்தில் "வந்துருச்சு" என்று மறுபடி மிதிக்க ஆரம்பிப்பார். ஒருவர் மட்டும் பேசினால் ஒரு குறையும் கிடையாது. அவர் குரல் தெருமுனை வரை போகும். அவள் குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை, அதனால் ஊருக்கே அவள் அறிவிப்பம்மா. ஒரு நாளைக்கு முந்நூறு வண்டியை வழியனுப்புகிற குரல். வம்பெல்லாம் இரண்டு குரலும் சேரும்போதுதான்.

முதல் தடவை நடந்தது கல்யாணமாகி ஆறாவது மாதம், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடித்தது. சமையலறைக்குள் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். "என்ன, பிடிச்சிருக்கா?" என்று ஹவுஸ் ஓனர் கேட்க, இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மௌனம் சம்மதம்தானே என்று அவர் சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தடவை கடையில் ஒரு பச்சை சோபாவுக்கு முன்னால் நின்றபோது. அந்த சோபாவும் வீட்டுக்கு வந்தது. மூன்றாவது தடவை கார்க்காரரின் அக்கா பெட்டியோடு வாசலில் நின்று, "பத்து நாள் தங்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டபோது. பதில் வராததால் உள்ளே வந்தவள் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தாள். இருந்த காலத்தில் நோயையும் கண்டுபிடித்துச் சொன்னாள். "ஒருத்தர் கிழக்கேன்னா ஒருத்தர் மேற்கே. இப்படி எதிரும் புதிருமா இருந்தா பேச்சு எப்படி வெளிய வரும்? நடுவுலயே முட்டிக்கிட்டுச் செத்துப்போகுது" என்றாள். இரண்டு பேரும் அதை நம்பினார்கள். எல்லாவற்றிலும் நாம் எதிரெதிர் என்று முடிவு கட்டியபின் வாழ்வதற்கு ஒரு முறை வேண்டுமே. அவர் பேசும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவள் பேசும்போது அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டார். சில வருஷத்தில் அதுவும் அலுத்து, ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவதில் வந்து நின்றது. பால் இல்லை. காலை ஐந்து மணிக்குச் சவாரி. தலைவலி மாத்திரை மேல் அலமாரியில்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, அவருடைய காரில் இருந்த பாட்டுப்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, நீளமில்லை. காற்றில் நூறு வானொலி நிலையங்களின் பாட்டும் பேச்சும் ஒன்றாகக் கலந்து போய்க்கொண்டிருக்கின்றன. காரின் பின்கண்ணாடியில் மெல்லிய கோடு கோடாக ஒட்டியிருக்கிறதே, அதில் ஒரு கோடு அத்தனையையும் பிடிக்கிறது. முன்னால் பதித்திருக்கிற பெட்டி அதில் ஒரே ஒரு நிலையத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. எடுத்தது நூலிழை மாதிரி மின்சாரம், அதைக் கயிறு மாதிரித் தடிக்கவைக்க உள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபயர். அங்கிருந்து கம்பிகள் கிளம்பி, கதவுக் கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாகக் கதவுக்குள் போகின்றன. கதவுக்குள் ஸ்பீக்கர், அதாவது ஒரு காகிதக் கூம்பு, கூம்பின் அடியில் கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். மின்சாரம் வர வர கூம்பு காற்றை முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும். நாம் பாட்டு என்பது இந்தத் தள்ளலும் இழுவையும்தான். கார்க்காரர் அந்தப் பழைய காரை வாங்கியது கல்யாணமாகி ஐந்தாவது மாதம். அவள் உட்காரும் பக்கத்து ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. புதிது வாங்கித் தானே மாட்டினார். கம்பி இரண்டும் கறுப்பு, ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. ஏதோ பெயிண்ட் பட்டிருக்கிறது என்று நினைத்து, கைக்கு வந்தபடி முடுக்கிவிட்டார். பாட்டு வந்தது, அவருக்கு அது போதும். ஊருக்குப் புதிதாக வந்த புருஷனும் பெண்டாட்டியும் மனம் விட்டுப் பேசியதெல்லாம் அந்தக் காரின் முன்சீட்டில்தான், ஆளுக்கொரு கதவில் சாய்ந்துகொண்டு. கதவில் இருந்தது குரலில் ஏறிக்கொண்டது.

பதினோராவது வருஷம் ஒரு திங்கட்கிழமை அறிவிப்பம்மாவுக்கு மாற்றல் கடிதம் வந்தது. ஏழு மணி நேரத் தொலைவில் பெரிய நிலையம், நாற்பது மேடை. ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு கட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்றிருந்தது. அவள் அதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள், அவர் படித்தார். அன்று சாயங்காலம், வருஷக்கணக்கில் செய்யாத காரியமாக, இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அடக்க முடியாமல் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். சத்தம் போய்விட்டது. எதிரில் இருந்தவரின் உதடு ஓர் இடத்தில் குவிந்ததை மட்டும் இருவரும் பார்த்தார்கள். 'போ' என்று சொல்லத்தான் உதடு அப்படிக் குவியும். போ என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். போகிறேன் என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவள் பெட்டியைத் தூசி தட்டினாள். அவர் அந்தப் பெட்டியின் பிடி ஆடுகிறதென்று ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை காரில் ஏறிய ஒருவர், "பாடறவர் கிணத்துக்குள்ள இருந்து பாடறாரா? மேளத்துக்கு வயிறே இல்லையே?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். கார்க்காரர் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த ஆடியோ கடைக்கு வண்டியை விட்டார். கடை நடத்துகிறவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எப்போதும் தனக்குள்ளேயே ரீங்காரம் போட்டுக்கொண்டிருப்பதால் வோல்டேஜ் என்று பெயர். அவள் பாட்டை முழுக்க ஒரு பக்கக் கதவுக்குத் திருப்பினாள், நன்றாகக் கேட்டது. அடுத்த பக்கத்துக்குத் திருப்பினாள், அதுவும் நன்றாகக் கேட்டது. நடுவில் வைத்தாள், பாட்டு இளைத்துப்போனது. பெட்டியை வெளியே உருவி, இரண்டு கதவிலும் வலைமூடியைக் கழற்றி, ஒரு சுவர்க்கடிகார பாட்டரியை இந்தக் கம்பியிலும் அந்தக் கம்பியிலும் தொட்டுக் காட்டினாள். ஒரு கூம்பு முன்னால் குதித்தது, மற்றது உள்ளே பதுங்கியது.

"பாத்தீங்களாண்ணா? இவரு தள்ளும்போது அவங்க இழுக்கறாங்க."

"ரெண்டும் வேற வேற பாட்டு பாடுதாம்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க! வேற வேற பாட்டுன்னா ரெண்டுமே கேக்குமே, சந்தைக்கடை மாதிரி. ஒரே பாட்டா இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு அழிக்கும்."

கார்க்காரர் அந்த பாட்டரியை வாங்கி, தானும் இரண்டு கம்பியிலும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு எந்தக் கதவில் கம்பியை மாற்ற வேண்டும் என்று கேட்டார். எதில் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றாள் வோல்டேஜ். தப்பு செய்தது நான், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "ஒண்ணுல மட்டும்ணா! ரெண்டுலயும் மாத்தினா பழைய கதைதான்!" என்று அவள் பின்னாலேயே கத்தினாள். புதன்கிழமை மத்தியானம் அவர் தன் பக்கத்துக் கதவைப் பிரித்துக் கம்பியை மாற்றினார். விட்டுக்கொடுப்பதென்றால் தன் பக்கத்தில்தானே கொடுக்க வேண்டும்.

அதே புதன்கிழமை வோல்டேஜ் பேருந்து நிலையத்தில் ஆறாம் மேடை ஒலிபெருக்கியைத் துடைக்க ஏணி ஏறியிருந்தாள். "அண்ணி, அண்ணன் ஏன் நேத்து பேயறைஞ்ச மாதிரி போனாரு? கம்பி மாத்திக் கட்டினதுக்கெல்லாமா?" என்று மேலேயிருந்தே அறிவிப்பம்மாவிடம் கேட்டு, தள்ளலையும் இழுவையையும் ஒரே பாட்டையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அன்றைக்குப் பத்து நாற்பது மணி வண்டி அறிவிப்பில்லாமல் கிளம்பியது. அறிவிப்பம்மாவின் வேலையில் அப்படி நடந்தது அது ஒரு தடவைதான். மறுநாள் காலை, அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, அவள் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு இறங்கிப்போய்த் தன் பக்கத்துக் கதவைப் பிரித்துக் கம்பியை மாற்றினாள். அவர் புதன்கிழமையே மாற்றிவிட்டது அவளுக்குத் தெரியாது. அவள் மாற்றியது அவருக்குத் தெரியாது. ஆக இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மணி நாலு. கடிதத்தைக் கொடுக்க அவளை அலுவலகத்தில் விடுவதாக அவர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலிலேயே, வண்டியைக் கிளப்பாமல், இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இன்றைக்குக் கேட்கும் என்று ஆளுக்கொரு தைரியம். திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திங்கட்கிழமை சொன்னதையே சொன்னார்கள். எதிரே மெஷின் நின்றது. "சத்தம் போச்சு" என்றார் தையல்காரர்.

அவள் முகம் கறுத்துவிட்டது. ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டு, நடந்தே போய்க் கொடுத்துவிட்டு, தனியாகக் கிளம்பிவிடலாம் என்று கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் கதவு அட்டையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்து அவர் மடியில் வந்து விழுந்தது. கார்க்காரர் அதை எடுத்துப் பார்த்தார். பதினொரு வருஷமாக அந்தப் பக்கத்து அட்டையை அவர் தொடவில்லை.

"இந்தக் கதவை யார் பிரிச்சா?"

"நான்தான். ஏன், பிரிக்கக் கூடாதா?"

"நான் என் பக்கத்துல மாத்திட்டேனே!"

"எப்போங்க?"

"புதன்கிழமை."

"நான் நேத்து."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே சிரிப்பு, ஆகையால் அதிலும் சத்தமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, டாஷ்போர்டில் தட்டிக்கொண்டு இரண்டு பேர் சத்தமே இல்லாமல் சிரிப்பதைத் தெரு முழுக்கப் பார்த்தது. பிறகு முறை வைத்துப் பேசினார்கள். அந்த வீடு? எனக்குப் பிடிக்கவே இல்லை. எனக்கும்தான். பச்சை சோபா? கண்றாவி. அக்கா? "பத்து நாள் வேண்டாம், ரெண்டு நாள் போதும்னு சொன்னேன்" என்றார் அவர். அவள் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், அவளும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

"சரி, திங்கக்கிழமை என்ன சொன்னீங்க?"

"நீ சொல்லு."

"முடியாது. நீங்க சொல்லுங்க."

அவர், முதலில் கம்பியை மாற்றுவோம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். யார் பக்கத்தில் மாற்றுவது என்பதில் சண்டை வந்தது. என் பக்கம்தான் என்று அவர் ஒரு காரணம் சொல்ல, என் பக்கம் ஏற்கெனவே உடைந்துதானே கிடக்கிறது என்று அவள் வேறு காரணம் சொல்ல, இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தெளிவாகக் கேட்டன, சந்தைக்கடை மாதிரி. பதினொரு வருஷத்தில் அவர்கள் போட்ட முதல் உண்மையான சண்டை அது. அவள் ஜெயித்தாள். அவள் டார்ச்சைப் பிடிக்க, அவர் வெள்ளைக் கோடு போட்ட கம்பியை இடம் மாற்றி முடுக்கினார்.

ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து தள்ளும்போது சத்தம் திரும்பி வருவது மட்டுமல்ல, இரட்டிப்பாகிறது. இதை வோல்டேஜ் சொல்ல மறந்திருந்தாள். இருவரும் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, "ரெண்டு பேரும் போயிடலாம்" என்றார்கள். தையல்காரரின் நூல்கண்டுகள் அலமாரியிலிருந்து உருண்டன. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பேருந்து நிலைய அலுவலகத்தில், தலைமை எழுத்தரின் மேஜையில் தண்ணீர் டம்ளர் கிடுகிடுத்தது. அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தி, கோப்பைத் திறந்து, 'வாய்மொழியாக ஏற்கப்பட்டது, மணி 4.40' என்று எழுதி முத்திரை குத்தினார். கடிதத்தோடு அவர்கள் வந்து நின்றபோது, "எல்லாம் பதிஞ்சாச்சு, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

பச்சை சோபா ஹவுஸ் ஓனருக்குப் போனது. புது ஊரில் நாலு பக்கமும் காற்று வருகிற வீடு கிடைத்தது. அவள் நாற்பது மேடைக்கும் அறிவிக்கிறாள், அவர் அதே காரை ஓட்டுகிறார், மேளத்துக்கு வயிறு வந்துவிட்டது. முதல் மாதத்தில் மூன்று ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு, ஏதாவது ஒன்றில் மனம் ஒத்துப்போகிறது என்று தெரிந்ததும், இரண்டு பேரும் எழுந்து ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துதான் பேசுவார்கள். அந்த ஜன்னல்கள் திறப்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அலமாரி ஓரத்தில் இருக்கும் கண்ணாடிச் சாமான்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார்கள். வாரத்தில் நாலைந்து தடவை தள்ள வேண்டியிருக்கும்.