தாளில் ஒன்று குறைகிறது

மறுநாள் விடிந்ததும் என் மகள் இந்தக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு முந்நூற்றைம்பது கிலோமீட்டர் போகப்போகிறாள். புது வேலை, புது ஊர். இதுவரை அவள் தனியாக ஓட்டியதெல்லாம் கல்லூரிக்கும் வீட்டுக்கும்தான். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய நாள் தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. எங்கள் மெக்கானிக்கோ தங்கை கல்யாணத்துக்குப் போனவர், பத்து நாளாகக் கடை பூட்டிக் கிடக்கிறது.

"நாமளே மாத்திடலாம், பெரிய வித்தையா?" என்று வாயை விட்டவர் என் கணவர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். கையேட்டைப் படிக்க அவர், காருக்கு அடியில் படுக்க நான் என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் எல்லா வேலையும் அப்படித்தான் பிரியும்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். கத்தரி, ஊசி, துணி என்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதுதான் இருபத்து மூன்று வருஷப் பிழைப்பு. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தால்தான் தையல் போட விடுவோம். அந்தப் புத்தி எங்கே போகும்? கராஜ் சுவரில் ஒரு தாளை ஒட்டி, நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் கழற்றியது, அந்தப் பக்கம் மாட்டியது என்று எழுதினேன். மகள் பேனாவோடு நின்றாள்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, இரும்புத் தாங்கிகளை வைத்து, நாலு முறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே நகர்ந்தேன். முகத்துக்கு ஒரு சாண் மேலே முழுக் காரும் தொங்குகிறது. அடியில் இருந்த போல்ட்டைத் திருகினேன். கறுப்பாக ஆயில் பாய்ந்து, அடியில் வைத்த பேசினில் விழுந்தது பாதி, என் முழங்கைக்கு ஓடியது பாதி.

"ஆயில் சூடா இருக்கும், கவனம்னு போட்டிருக்கு" என்றார் கணவர்.

"கையேட்டுல இப்பதான் அந்தப் பக்கம் வந்துச்சா?"

பழைய ஃபில்டர் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகியதில் வந்தது. புது ஃபில்டரின் வாயில் இருந்த ரப்பர் வளையத்துக்கு விரலால் ஆயில் தடவி, மாட்டி, கையால் இறுக்கினேன். புது வாஷரோடு போல்ட்டையும் போட்டேன். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். புது ஆயிலை ஊற்றி எஞ்சினைப் போட்டதும் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கீழே குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. என் கணவர் ஏதோ போரில் ஜெயித்த ராஜாவைப் போல இடுப்பில் கைவைத்து நின்றார்.

நான் தாளைப் பார்த்தேன். மாட்டியது: போல்ட், வாஷர், ஃபில்டர், ரப்பர் வளையம். கழற்றியது: போல்ட், வாஷர், ஃபில்டர். அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் மூன்று.

பேசினில் கிடந்த பழைய ஃபில்டரை எடுத்துத் துடைத்துத் திருப்பினேன். வளையம் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

"பழசுல ரப்பர் எங்க?"

"தேஞ்சு போயிருக்கும்" என்றார் கணவர். "வண்டி ஓடுது, சொட்டல. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருந்தா? அதுக்கு மேல புதுசும் சேர்ந்தா ரெண்டு ரப்பர். இங்க நிக்கிறப்ப சொட்டாது. வேகமா போறப்ப பிதுங்கிடும். மொத்த ஆயிலும் ரோட்டுல போயிடும்."

"இருந்தா, சேர்ந்தான்னு எத்தனை இருந்தா? நீ தப்பா எண்ணியிருப்பே. மூடிடலாம்."

இதே வார்த்தைகளை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பெண்ணின் ஆபரேஷனில் ஒரு துணி குறைந்தது. "நீ தப்பா எண்ணியிருப்பே, மூடிடலாம்" என்றார் பெரிய டாக்டர். "சரி டாக்டர்" என்றேன். பத்தொன்பதாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தாள் அந்தப் பெண். மறுபடி திறந்து, உள்ளே கிடந்த துணியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அவள் இருந்த வார்டுப் பக்கம் நான் போகவே இல்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் மகளுக்கு இப்போது அதே வயது. இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

"அம்மா, ஓடுதேம்மா. விடும்மா, இருட்டப் போகுது" என்றாள் மகள்.

"எஞ்சினை நிறுத்து" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் கையேட்டை மூடிவிட்டு டார்ச்சை எடுத்து வந்தார்.

மறுபடி அடியில் போனேன். ஃபில்டர் கையைச் சுட்டது. துணியைச் சுற்றித் திருகி எடுத்தேன். புது வளையம் அதிலேயே வந்தது. எஞ்சின் பக்கம் வழவழவென்று இரும்புதான் தெரிந்தது. என் பயம்தான் வீணோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெளிச்சத்தை நம்பாமல் விரலை வைத்து வட்டமாகத் தடவினேன். கால்வாசி வட்டத்தில் ஒரு விளிம்பு தட்டியது. நகத்தால் நெம்பினேன். கறுத்து, இறுகி, எஞ்சினோடு எஞ்சினாக ஒட்டியிருந்த பழைய வளையம் உரிந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

எனக்கு அழுகை வந்தது. மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

மகள் குனிந்து எட்டிப் பார்த்தாள். "கண்ணுல ஆயில் பட்டுடுச்சாம்மா?"

"இல்ல. முதல்ல நாலாவதை எழுது" என்று வளையத்தை நீட்டினேன்.

அவள் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு ஃபில்டரைத் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு வெளியே நகர்ந்து வந்து, கைகூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்து, நான் 'சரி டாக்டர்' என்று சொன்ன நாளை இருவரிடமும் சொன்னேன்.