மொட்டைமாடிக்குப் போட்ட கட்டு

பக்கீர் முகமது எதையும் நாலு பேரைக் கேட்காமல் செய்யமாட்டார். நல்ல குணம்தான். ஆனால் நாலு பேரோடு அவர் நிறுத்துவதில்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்குவதென்றால்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டவர், பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுதவர், இராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என எல்லோர் காலையும் பார்த்து, எல்லோரிடமும் விசாரித்துவிட்டு, கடைசியில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குமுன்பே அவர் வீட்டில் இரண்டு கேள்விகள் வந்து நின்றன.

வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் அஸ்ஃபியாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வந்தால் படுக்கவைக்க ஓர் அறைதான் இருந்தது. அதன் மேல்தளத்தில் விரிசல். போன மழையிலேயே ஒழுகியிருந்தது. இது எப்படியோ சம்பந்தியம்மா காதுக்குப் போய், அவர் போனில் பதமாகவே சொல்லிவிட்டார்: “அறை காஞ்சு கெடந்தா தாராளமா அனுப்புதோம். ஈரமா இருந்தா பிள்ளையப் பெத்தவளை எப்படிப் படுக்க வைக்கிறது? பிரசவம் இங்கனேயே இருக்கட்டும்.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் மெகராஜ் பேகத்துக்கு அது அதிகமாக வலித்தது. மகளைத் தன் கையால் குளிப்பாட்டி, பத்தியச் சோறு ஊட்டி, பேரப்பிள்ளையின் முதல் அழுகையைத் தன் வீட்டில் கேட்கவேண்டும் என்று அவள் எண்ணி வைத்திருந்தாள்.

இரண்டாவது கேள்வி, ஃபிரிட்ஜ். அஸ்ஃபியா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. இப்போது மேல்தட்டில் ஐஸ் பாறையாகக் கட்டியது. கீழ்த்தட்டில் பால் திரிந்தது. எதிர்வீட்டு மாரிக்கனி கோயில் வாசலில் பூ விற்பவள். விற்காமல் மிஞ்சிய மல்லிகையை அந்த ஃபிரிட்ஜில்தான் வைப்பாள். அதனால் பக்கீர் வீட்டுப் பாலில் எப்போதும் கொஞ்சம் மல்லிகை மணக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

கையில் சீட்டுப் பணம் இருந்தது. ஒரு வேலைக்குத்தான் போதும்.

“வீட்டை மொதல்ல பாருங்க” என்றாள் மெகராஜ்.

“கேட்டுச் சொல்லுதேன்” என்றார் பக்கீர்.

எது நல்லதோ அதைக் காட்டும்படி அல்லாஹ்விடம் கேட்கும் இஸ்திகாரா தொழுகையைத் தொழுதார். தொழுத கையோடு டீக்கடைக்குக் கிளம்பினார்.

“அல்லாகிட்டக் கேட்டாச்சுல்ல? பொறவு எதுக்கு டீக்கடையில கேக்கப் போறீக?”

“கலந்து பேசுறது சுன்னத்து, மெகராஜு. நபி காட்டுன வழி.”

“அப்பச் சரி. ஊருல அம்புட்டுப் பேருக்கும் நன்மை கெடைக்கட்டும்.”

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் பாரூக், கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு மௌத்து வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோலத் தணிந்த குரலில், “கேஸ் ஏத்தலாம் மாமா. ஆனா அடுத்த நோன்பைப் பாக்கும்னு நான் சொல்லமாட்டேன்” என்றான். கொத்தனார் பால்சாமி மாடியில் காலால் தட்டிப் பார்த்து, தளத்தில் பதித்த தட்டோடு மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்கவேண்டும் என்றார். பள்ளிவாசலில் ஒருவர் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கச் சொன்னார். இன்னொருவர் தவணையே வேண்டாம் என்றார். மூன்றாமவர், மனுஷனுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை, மண்பானை போதும் என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த சோடா குடிக்கப் போனார்.

தீர்ப்பு வந்தது பஸ்ஸில். கிருஷ்ணன்கோவிலில் ஏறியதாகச் சொன்ன ஒரு பெரியவர், பேர்கூடச் சொல்லவில்லை, விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்குப் போயி தட்டோட்டை எதுக்குப் பேக்கணும்? விரிசல் மேல வலை மாதிரி ஒரு துணி ஒட்டி, அதுக்கு மேல வெள்ளையா ஒரு கெமிக்கல் பூசுவாங்க. கடையில ரெண்டும் விக்கான். நாமளே பூசிரலாம்” என்றார்.

பக்கீருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கூரையைச் சில்லறைச் செலவில் முடித்துவிட்டால் சீட்டுப் பணத்தில் ஃபிரிட்ஜ் வந்துவிடும். ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் சண்டையே இல்லை.

கடைக்காரர் காட்டிய நைலான் வலைச்சுருளை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு வந்தது. இராஜபாளையத்தில் சுப்புராஜின் பேண்டேஜ் துணி யூனிட்டில் அவர்தான் தரம் பார்ப்பவர். காயத்துக்குப் போடும் வலைத்துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவார். மிதந்தால் தள்ளுபடி. விழுந்ததும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சட்டென்று மூழ்கினால்தான் தேறும். வாழ்நாளெல்லாம் வலைத்துணியோடு வாழ்ந்த மனிதர் கடையில் போய் வலைத்துணி வாங்குவதா? கெமிக்கல் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

யூனிட்டில் துணி கேட்டபோது சுப்புராஜ், “ஏமண்டி பாய், கறை பட்ட செகண்ட்ஸ் மூலையில கெடக்கு. சும்மாவே எடுத்துட்டுப் போங்க” என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அன்பு வந்தால் தமிழிலும் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

“எம்மக படுக்கப்போற அறைங்க முதலாளி. அதுக்குச் செகண்ட்ஸ் போடலாமா?” என்ற பக்கீர், தானே சோதித்து, இருப்பதிலேயே வேகமாகத் தண்ணீரைக் குடித்து மூழ்கிய முதல்தரத் துணியில் ஒரு கட்டை விலை கொடுத்து வாங்கினார். அன்பு சில சமயம் நம் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் வேலை செய்யச் சொல்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மாடியில் உட்கார்ந்தார். விரிசல் விரிசலாகத் துணியை மடிப்பு விழாமல் விரித்து, ஓரங்களை ஆஸ்பத்திரி நர்ஸ்போல நேர்த்தியாக மடக்கி ஒட்டினார். துணியின் வெண்மை மறையக்கூடாது என்று மேலே கெமிக்கலை மெல்லிசாகவே பூசினார்.

எதிர்வீட்டு வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த மாரிக்கனி அண்ணாந்து பார்த்தாள். “என்னண்ணே, வீடு எங்கயாச்சும் விழுந்து அடிபட்டுருச்சா?”

“வைத்தியம் நடக்குது தாயி.”

“பெரிய காயமால்ல தெரியுது! தையல் போடலையா?”

ஃபிரிட்ஜ் வந்தது. இரட்டைக் கதவு, ஆளுயரம். ஹாலில் ஜன்னல் பக்கத்து மூலையை முழுதாக எடுத்துக்கொண்டது. மாரிக்கனி வந்து திறந்து பார்த்து, “மதினி, இதுல ஒரு கல்யாணத்துக்கே பூ வைக்கலாமே!” என்றாள். மெகராஜும் சிரித்தாள். கூரையைப் பற்றிய பயம் மட்டும் அவளுக்குப் போகவில்லை. ஆனால் மனுஷன் இவ்வளவு ஆசையாகச் செய்ததைக் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

அஸ்ஃபியா வரவேண்டிய நாளுக்கு முதல் நாள் மழை பிடித்தது.

பெய்யும்போது அறை ஒழுகவே இல்லை. பக்கீர் கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்து, “பாத்தியா?” என்றார். மெகராஜ் பார்த்தாள். மழை நின்றது. தெருவில் தண்ணீர் வடிந்தது. காலையில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. அப்போதுதான் அறைக்குள் முதல் சொட்டு விழுந்தது. பிறகு நாலு இடத்தில். பிறகு வரிசையாக, அவர் துணி ஒட்டிய கோடு பிசகாமல், அவர் நேர்த்தியாக மடக்கிய ஓரம்கூடப் பிசகாமல்.

“மழை விட்டுருச்சே, இப்ப எங்கிருந்து வருது?” என்றாள் மெகராஜ்.

பக்கீர் எழுந்தார். மாடிக்குப் போய்த் துணியை அழுத்திப் பார்த்தார். சளக்கென்று தண்ணீர் பிதுங்கியது. பெய்த மழையை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து வைத்துக்கொண்டு, இப்போது நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தது துணி. வேலையில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. கீழே வந்தார்.

“முதல்தரத் துணி, மெகராஜு” என்றார் மெல்ல.

அவளுக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “அந்தக் கறை பட்டதைப் போட்டிருந்தாக்கூட இம்புட்டு ஒழுகியிருக்காதே! உங்க துணி தேறிருச்சுங்க. நாமதான் தேறலை.” கண்ணைத் துடைத்தாள். “மத்தியானம் பிள்ளையக் கூட்டிட்டு வருதாக. மாப்பிள்ளை ரஃபீக்கு பாத்ததும் கையோட திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாரு. அவுக அம்மா சொல்லித்தானே அனுப்பியிருக்கும்.”

பக்கீர் செருப்பை மாட்டினார்.

“இப்ப ஆரக் கேக்கப் போறீக?”

வாசல் தாண்டி ஒரு கால் வைத்தவர் நின்றார். பால்சாமியைக் கேட்டால் தட்டோட்டைப் பெயர்க்கச் சொல்வார். பாரூக்குக்குக் கூரை தெரியாது. பஸ்ஸில் வந்த பெரியவரை எங்கே தேடுவது? யோசித்துப் பார்த்தால் தெருவில் அவர் கேட்காத ஆள் இல்லை. வீட்டுக்குள்தான் ஒருத்தி பாக்கி இருந்தாள். அந்த எண்ணம் வந்ததும் மனுஷனுக்குக் காது மடல் சுட்டது. செருப்பைக் கழற்றினார்.

“மெகராஜு, நீ சொல்லு. என்ன செய்யலாம்?”

முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எங்கிட்டயா கேக்கீக?”

“உங்கிட்டத்தான்.”

“வேற ஆரும் அகப்படலையாக்கும்.”

“அகப்படலை” என்றார் உண்மையாகவே.

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். “ஹாலு காஞ்சுதான் கெடக்கு. கட்டிலை இங்க போடலாம். வெளிச்சமும் வரும், நானும் பக்கத்துலயே படுத்துக்கிருவேன். ஆனா கட்டில் போடுத எடத்துல உங்க பெட்டி நிக்கி.”

“பெட்டியை அந்த அறைக்குள்ள…”

“சொட்டுத தண்ணிக்குக் கீழ கரண்டுப் பெட்டியா? நல்லா கேட்டீக போங்க. மாரிக்கனி வீட்டுல வைப்போம். பாதிப் பெட்டி அவ பூவுக்குத்தானே.”

மாரிக்கனி முதலில் பதறினாள். “புதுசு மதினி! எங்க வீட்டுல எங்க வைக்க? இருக்குத ஒரு மூலையிலயும் அவிய டிவி நிக்கி.” பிறகு மெகராஜின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, ஆட்டோ ஓட்டும் கணவன் சந்தனத்திடம் சத்தம் போட்டாள்: “டிவியைத் தூக்கி அரிசி டிரம்மு மேல வையுங்க! எந்நேரமும் கிரிக்கெட்டு. இனிமே நின்னுக்கிட்டே பாருங்க, கொழுப்பாவது கொறையும்!” உதவி செய்கிறோம் என்று காட்டிக்கொள்ளத் தெரியாதவர்கள் இப்படித்தான் எரிந்து விழுந்துகொண்டே செய்வார்கள். அவர்களுடைய கணக்கு ஆண்டவனுக்குத் தெரியும்.

சந்தனமும் பக்கீரும் ஆளுயரப் பெட்டியைத் தெருவுக்குக் குறுக்கே சுமந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, இடது பக்கம் சாய்க்கச் சொன்னார்கள். வலது பக்கம் சாய்க்கச் சொன்னார்கள். பக்கீர் வாழ்க்கையில் முதல் தடவையாக யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. வாங்கினால் பெட்டி காலில் விழுந்திருக்கும்.

அஸ்ஃபியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஹாலில் கட்டில் விரித்திருந்தது. ஜன்னல் வழியாக மலைக்காற்று வந்துகொண்டிருந்தது. ரஃபீக் ஸலாம் சொல்லிவிட்டு, சொல்லியனுப்பிய பிள்ளையாக நேரே அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தான். வரிசையாகக் குண்டான்கள். டொக், டொக் என்று சத்தம்.

“மாமா… ஒழுகுதே.”

“ஒழுகுது மாப்பிள்ளை” என்றார் பக்கீர். மறைக்கவில்லை. துணி கதையை, ஃபிரிட்ஜ் எதிர்வீட்டுக்குப் போனதுவரை, முழுதாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அஸ்ஃபியா கட்டிலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தா! காயத்துக்குப் போடுத துணியையா? ஐயோ, சிரிக்க வைக்காதீக, இடுப்பு வலிக்கி!”

“ஏட்டி, மெதுவாச் சிரி” என்று மெகராஜ் ஓடிவந்து முதுகைத் தாங்கினாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து மகளின் வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்து நீவத் தொடங்கினாள். அஸ்ஃபியா கண்ணை மூடிக்கொண்டாள்.

ரஃபீக் போனை எடுத்தான். மெகராஜின் கை நீவுவதை நிறுத்தியது.

“அம்மா… ஆமா, வந்து சேந்துட்டோம். அறை ஒழுகத்தான் செய்யுது…” அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. ரஃபீக் மனைவியைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான். “இல்லம்மா, அந்த அறையில படுக்கலை. ஹால்ல, காஞ்ச எடத்துல, மாமி பக்கத்துலயே. இவ கட்டிலுக்காகப் புது ஃபிரிட்ஜையே எதிர்வீட்டுக்குத் தூக்கி எடம் பண்ணிக் குடுத்திருக்காக. ஆமா… மாசக்கணக்கா இவ இப்படிக் கண்ணசந்து நான் பாக்கலை… சரிம்மா.” போனை வைத்தான். “அம்மா ஞாயித்துக்கெழமை வந்து பாக்குதாங்களாம். பாத்துட்டுப் போக. கூட்டிட்டுப் போக இல்லை.”

மெகராஜ் மகளின் அடுத்த காலையும் எடுத்து மடியில் வைத்தாள்.

பக்கீர் மருமகனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அடுத்த மழைக்குமுன் ஊறிய துணியை உரித்துவிட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடவேண்டும். மற்றதை மழைக்காலம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

“மெகராஜு! இந்த ஓரத்துல இருந்து உரிக்கவா, அந்த ஓரத்துல இருந்தா?”

“எந்த ஓரமா இருந்தா என்ன? உரிங்க!”

“தார்ப்பாய்க்கு நீலம் நல்லதா, பச்சை நல்லதா?”

“எது வீட்டுல கெடக்கோ அது!”

“கல்லு வச்சு அமுத்தவா, கயிறு போட்டுக் கட்டவா?”

மெகராஜ் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கா இப்படி?” என்றாள் மகளிடம். அஸ்ஃபியா தூங்கிப்போயிருந்தாள். அவள் எழுந்துவிடக்கூடாதே என்று மெகராஜ் மெதுவாகக் காலை இறக்கி வைத்துவிட்டு, முற்றத்துக்குப் போய் அண்ணாந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்:

“கயிறுங்க. சத்தம் போடாமக் கட்டுங்க.”